மதகை விற்று விதைநெல் வாங்குவதா?

சென்ற வாரம் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு டீக்கடையில் நம் தோழர்கள் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருக்கையில், ஒரு நண்பர் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "ஏனய்யா, சர்க்காருக்கு எதற்கு டெலிபோன் கம்பி? எதற்கு இரயில்? எதற்கு டவர்? இதையெல்லாம் பணக்காரனிடம் கொடுத்துப் பணத்தை வாங்கி ஆஸ்பத்திரி கட்டினால், பள்ளிக்கூடம் கட்டினால், ஏழைக்கு நல்லதுதானே? நீங்கள் ஏன் இதற்குக் குறுக்கே நிற்கிறீர்கள்?" என்றார்.

கேள்வி நியாயமான கேள்வி. கேட்டவரும் யோக்கியர். ஆஸ்பத்திரி வேண்டாமென்று எந்தப் பகுத்தறிவுக்காரனும் சொல்லமாட்டான். ஆகவே அவரை வாயடைக்க நாம் முயலவில்லை. நாம் பொருளாதாரக் கலாசாலையில் படித்துப் பட்டம் வாங்கியவர்களுமல்ல. களத்தில் நெல் அளந்தும், கடையில் கணக்கு எழுதியும், கிடைத்த புத்தகத்தைப் படித்தும் தெரிந்துகொண்ட அறிவைக்கொண்டு, அவருக்குச் சொன்ன பதிலையே இங்கு எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு சங்கதி. புரோகிதன் வருகிறான், நமக்குப் புரியாத பாஷையில் மந்திரம் சொல்லுகிறான். முடிவில் "செத்துப்போன உன் தகப்பன் வைதரணி ஆற்றைக் கடக்கவேண்டும்; பசுமாட்டைக் கொடு" என்கிறான். மாடு போனது கண்ணுக்குத் தெரிகிறது. தகப்பன் ஆற்றைக் கடந்தானா என்பதை எந்த மகனும் போய்ப் பார்த்து வந்ததில்லை. இன்று டில்லியிலிருந்து வருகிற புது மந்திரத்துக்கு "மானிடைசேஷன்" என்று பெயர். சமஸ்கிருதத்துக்குப் பதில் இங்கிலீஷ். தர்ப்பைக்குப் பதில் பட்ஜெட் புஸ்தகம். மாடு போவது மட்டும் அப்படியேதான் இருக்கிறது. மந்திரத்தின் அர்த்தத்தைக் கேட்காதவன் மாட்டை இழப்பான் என்பது நாம் வெகு காலமாகச் சொல்லிவருகிற பாடம். ஆதலால் அர்த்தத்தைக் கேட்போம்.

என்ன விற்றார்கள்?

இரயில் ஓடவேண்டுமானால் தண்டவாளமும் எஞ்சினும் மட்டும் போதாது. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷன்காரரிடம் "வண்டி விடலாமா?" என்று கேட்டறியாமல் வண்டி விட்டால், இரண்டு வண்டியும் முட்டி ஜனங்கள் சாவார்கள். அதற்காகவே ஆதிநாள் தொட்டு இரயில் பாதையோரம் தந்திக் கம்பி போட்டார்கள். இக்காலத்தில் கம்பிக்குப் பதில் கண்ணாடி இழை. தலைமயிர் போன்ற ஓர் இழைக்குள் வெளிச்சமாக ஓடி இலட்சக்கணக்கான பேருடைய பேச்சு போகிறது. இரயில்வேக்கு வேண்டியது போக மிச்சமுள்ள இழைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடலாம் என்று 2000ஆம் வருஷம் செப்டம்பரில் இந்திய சர்க்கார் "ரெயில்டெல்" என்று ஒரு கம்பெனியை ஏற்படுத்திற்று. அது சுமார் 60,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இழை போட்டது. அதன் பெரிய சொத்து அந்த இழைகூட அல்ல. ஊர் ஊராக, ஆற்றுப் பாலம் பாலமாக, யாரையும் கேட்காமல் பள்ளம் தோண்டிக் கம்பி புதைக்கக்கூடிய அந்தப் பாதைதான். வேறொருவன் இன்று அப்படி ஒரு பாதை சம்பாதிக்கவேண்டுமானால் எத்தனை முனிசிபாலிட்டி, எத்தனை பட்டாதாரர் காலில் விழவேண்டும்!

இந்தக் கம்பெனியில் நூற்றுக்கு 27 பங்குக்குச் சற்று மேல் 2021 பிப்ரவரியில் மார்க்கெட்டில் விற்கப்பட்டது. பங்கு ஒன்று 94 ரூபாய். வந்த தொகை சுமார் 819 கோடி. அத்தொகையில் ரெயில்டெலுக்கு ஒரு தம்பிடியும் வரவில்லை. முழுவதும் சர்க்கார் கஜானாவுக்குப் போயிற்று. புதிதாக ஒரு கெஜம் இழை போடுவதற்கோ, ஒரு கிராமத்துக்குக் கம்பி இழுப்பதற்கோ அல்ல அந்த விற்பனை. அதே பங்கு மூன்றரை வருஷத்துக்குள், 2024இல், 400 ரூபாய்க்கு மேல் விலைபோயிற்று.

819 கோடி என்றால் நமக்கு மலைப்பாக இருக்கிறது. அவ்வருஷத்திய மத்திய சர்க்கார் பட்ஜெட் 30 இலட்சம் கோடிக்கு மேல். அதாவது ஒரு நாளைக்கு எட்டாயிரம் கோடிக்கு மேல் செலவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருபது வருஷம் வளர்த்த கம்பெனியில் கால்பங்குக்கு மேல் விற்ற பணம், அந்தச் சர்க்காரின் இரண்டரை மணி நேரச் செலவுக்குக் காணாது! காலையில் விற்றது மத்தியானச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துபோயிற்று. இதிலே எந்த ஆஸ்பத்திரி முளைத்தது?

இது வெள்ளோட்டந்தான். அவ்வருஷம் ஆகஸ்டு 23இல் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அவர்கள், நாலு வருஷத்தில் 6 இலட்சம் கோடி ரூபாய் திரட்டுவதென்று ஒரு பெரிய ஜாப்தாவை வெளியிட்டார். அதில் இரயில் பகுதிக்கு மாத்திரம் சுமார் ஒன்றரை இலட்சம் கோடி: 400 ஸ்டேஷன்கள், 90 பாசஞ்சர் வண்டிகள், நம் நீலகிரி மலை இரயில் உட்பட. தந்தி டெலிபோன் பகுதிக்கு 35,100 கோடி: கிராமங்களுக்கென்று போட்ட 2 இலட்சத்து 86 ஆயிரம் கிலோமீட்டர் இழையும், பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். டவர்கள் 14,917-ம். விமான நிலையங்கள் 25. அதிலே திருச்சியும் உண்டு. 2025 பட்ஜெட்டில் மறுபடியும், ஐந்து வருஷத்துக்கு 10 இலட்சம் கோடி என்று இரண்டாம் ஜாப்தாவுக்கு அடிபோட்டார்கள்.

"விற்பனையல்ல, குத்தகை" என்பவர்களுக்கு

இதைச் சொன்னவுடனே, "விற்கவில்லை ஐயா, சொத்து சர்க்காருடையதே, சில காலத்துக்குக் குத்தகைக்குத்தான் விடுகிறோம்" என்று சமாதானம் சொல்லுகிறார்கள். இந்தச் சமாதானத்தை வேறு எந்த ஜில்லாவிலாவது போய்ச் சொன்னால் நம்புவார்களோ என்னவோ, தஞ்சாவூர் ஜில்லாக்காரனிடம் சொல்லலாமா? மடத்து நிலம், கோயில் நிலம் குத்தகை எடுத்த பெரிய மனிதர்கள் கதை நமக்குத் தெரியாததா? பட்டா சாமி பேரில். நெல் மிராசுதார் பத்தாயத்தில்! சாமிக்குக் கிடைத்தது பெயர். ஆசாமிக்குக் கிடைத்தது மகசூல். முப்பது வருஷத்து வரும்படியை ஒருவன் முன்பணம் கொடுத்து வாங்கிவிட்டால், அந்த முப்பது வருஷமும் அவனே முதலாளி. அவன் திருப்பிக் கொடுக்கும்போது இழை இற்றுப்போயிருக்கும், டவர் துருவேறியிருக்கும்.

நீடாமங்கலத்துப் பக்கம் மூணாறு தலைப்பைப் பார்த்தவர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம். அங்கே வெண்ணாறு பிரிந்து, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் போகிறது. இந்த வருஷம் விதைநெல்லுக்குப் பணமில்லை என்று அந்தத் தலைப்பை ஒரு தனவந்தனிடம் குத்தகைக்கு விட்டால் எப்படியிருக்கும்? ஆறு நம்முடையதுதான். வயல் நம்முடையதுதான். ஆனால் பலகை தூக்குகிறவன் அவன்! விதைநெல்லை வாங்கி விதைத்துவிட்டு, தண்ணீருக்கு அவன் வாசலில் நிற்கவேண்டும். அவன் கேட்கிற வாடகையை வேறெங்கும் போய்ப் பேரம் பேசமுடியாது. இன்னொரு மூணாறு தலைப்பு கிடையாது. இழையும் பாதையும் டவரும் இந்தக் காலத்து மதகுகள். விற்கிற வருஷத்துக்கு வரவு. அதற்குப்பின் எல்லா வருஷத்துக்கும் செலவு.

விற்றவர்கள் கதை

நாம் கற்பனை பேசவில்லை. நமக்கு முன்னே விற்றுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

நம்மை ஆண்ட இங்கிலாந்து தேசத்தையே எடுத்துக்கொள்ளுவோம். அங்கேயும் சர்க்கார் இரயில்வேக்குச் சொந்தமாக ஒரு டெலிபோன் இலாகா இருந்தது. 1995இல் அதை ராக்கல் என்ற கம்பெனிக்குச் சுமார் 13 கோடி பவுனுக்கு விற்றார்கள். ராக்கல் அதைத் தன்னிடமிருந்த தந்தித் தொழிலோடு சேர்த்து, நாலே வருஷத்தில், 1999இல், ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு 100 கோடி பவுன் அளவுக்கு விற்றுவிட்டது! அந்த இலாபத்தில் இரயிலேறும் இங்கிலீஷ் தொழிலாளிக்கு என்ன பங்கு? தண்டவாளத்தையும் 1996இல் ரெயில்டிராக் என்ற கம்பெனிக்கு விட்டார்கள். 2000 அக்டோபரில் ஹாட்பீல்டு என்ற ஊரில், வெடிப்புவிட்டுப் பழுதான தண்டவாளம் நொறுங்கி வண்டி கவிழ்ந்து நாலு பேர் மாண்டார்கள். மறு வருஷம் அக்கம்பெனி நொடித்தது. 2002இல் தண்டவாளத்தை இலாப நோக்கமில்லாத நெட்வொர்க் ரெயில் என்ற ஸ்தாபனத்திடம் மாற்றவேண்டியதாயிற்று. விற்க ஒரு செலவு, மீட்க ஒரு செலவு.

நம் தேசத்திலும் பாருங்கள். வெளிநாட்டு டெலிபோன், தந்தி முழுவதையும் நடத்திவந்த வி.எஸ்.என்.எல். கம்பெனியின் நூற்றுக்கு 25 பங்கை, நிர்வாகத்தோடு சேர்த்து, 2002 பிப்ரவரியில் டாடாவுக்கு 1,439 கோடிக்குக் கொடுத்தார்கள். சில மாதத்துக்குள் அந்தக் கம்பெனியின் பெட்டியிலிருந்தே 1,200 கோடியை எடுத்து, டாடாவின் இன்னொரு டெலிபோன் கம்பெனியில் போடுவதென்று தீர்மானம் வந்தது! அப்போதைய மந்திரிகளே கூச்சலிட்டார்கள். கூச்சலிட்டு என்ன செய்ய? சாவியைக் கொடுத்த பிறகு பெட்டி யாருடையது?

சாலைக் குத்தகைக்கும் இப்படியே ஒரு வேடிக்கை உண்டு. 2021இல் தேசிய நெடுஞ்சாலை இலாகா சில சாலைகளின் சுங்க வசூலைப் பங்கு போட்டு விற்றபோது, முதலில் வாங்கியவர்களில் கனடா தேசத்துப் பென்சன் நிதியும், அங்குள்ள ஒண்டாரியோ மாகாணத்து ஆசிரியர்களின் பென்சன் நிதியும் முக்கியமானவை. அந்த ஆசிரியர்கள்மேல் நமக்குக் கோபமில்லை; அவர்கள் கிழவயதில் கஞ்சி குடிக்கட்டும். ஆனால் நம் நாட்டு லாரிக்காரன் கட்டுகிற சுங்கம் கனடா வாத்தியாருக்குப் பென்சனாகப் போகிறபோது, தமிழ்நாட்டு வாத்தியாருக்கு 2003 ஏப்ரல் முதல் "பழைய பென்சன் கிடையாது, பணமில்லை" என்று சொன்னதை மாத்திரம் நினைத்துப் பாருங்கள். நிலையான வரும்படி உள்ள சொத்து லாபகரமானது என்பது கனடாக்காரனுக்குத் தெரிகிறது. டில்லிக்காரருக்குத் தெரியவில்லையா?

மன்னார்குடி இரயில் சொல்லும் பாடம்

நம் ஊர்க் கதைக்கு வருவோம். இந்த ஜில்லாவில் இரயில் எப்படி வந்தது? மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894இல் ஓடிய இரயில், தஞ்சாவூர் ஜில்லா போர்டு நம் முன்னோரிடம் நிலத்துக்கு வரிபோட்டுச் சேர்த்த பணத்தில் கட்டியது. ஆகவே "சர்க்கார் சொத்து" என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல. உழுதவன் கொடுத்த காசு.

நீடாமங்கலத்திலிருந்து நம் மன்னார்குடிக்கு 1915இல் இரயில் வந்தது. சுமார் 14 கிலோமீட்டர். 1976இல் வண்டியை நிறுத்தினார்கள். 35 வருஷம் இந்த ஊர் இரயில் சத்தம் கேட்கவில்லை. பிறகு 2011 செப்டம்பரில் அதே ஊருக்கு அகலப்பாதையில் வண்டி வந்தது. இன்று மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் சென்னை. செம்மொழி ஏறினால் கோயமுத்தூர். எப்படி வந்தது? பாதை போன நிலம் பொதுச் சொத்தாகவே கிடந்ததனால் வந்தது! 1976இலேயே, "உபயோகமில்லாத சொத்து, விற்றுக் காசாக்கு" என்று அந்த நிலத்தை மனைபோட்டு விற்றிருந்தால், அந்த வருஷத்துக்கு ஒரு கட்டடம் எழும்பியிருக்கும்; மன்னார்குடிக்கு இரயில் என்றைக்கும் வந்திராது. சும்மா கிடக்கிறது என்று இன்று சொல்லுகிற சொத்துக்கு நாளை என்ன உபயோகம் என்று சொல்ல எந்த ஜோசியனுக்கும் தெரியாது; பொருளாதார ஜோசியனுக்கும் தெரியாது.

தனி முதலாளி மன்னார்குடிக்கு வண்டி விடுவானா? அதற்கும் பரீட்சை நடந்திருக்கிறது. 2020இல் 109 தடங்களில் தனியார் இரயில் விட வாருங்கள் என்று 12 தொகுதியாக ஏலம் கூறினார்கள். சென்னையும் அதிலே ஒரு தொகுதி. விலைகேட்டு ஆள் வந்தது டில்லி, பம்பாய்ப் பக்கத்து மூன்று தொகுதிகளுக்கு. சென்னையையே சீந்துவாரில்லை, மன்னார்குடியை யார் சீந்துவார்? தலைமடைக் கொழுத்த வயலை முதலாளி எடுத்துக்கொள்ளுவான். கடைமடைக் களர் சர்க்கார் தலையில். பிறகு "சர்க்கார் வயலில் விளைச்சலில்லை பார்" என்று பரிகாசமும் செய்வான்.

இதற்கு நேர்மாறான காரியத்தையும் நாம் கண்டிருக்கிறோம். கும்பகோணத்து ராமன் அண்டு ராமன் கம்பெனி பஸ்களை எடுத்து 1972இல் சோழன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. அது சர்க்காரிடம் இருந்ததினாலேதான், 2021 மே மாதத்தில் ஒரே உத்தரவில், சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று செய்யமுடிந்தது. இன்று நடவுக்குப் போகிற பெண் தலைநிமிர்ந்து ஏறி உட்காருகிறாள். பஸ் முதலாளி வீட்டுச் சொத்தாக இருந்தால், அந்த உத்தரவு வர அவன் திண்ணையில் எத்தனை நாள் காத்திருக்கவேண்டும்!

நம் பிள்ளைகளுக்கு வந்த உத்தியோகம்

எல்லாவற்றையும்விட நம்மவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உத்தியோகத்தில் எல்லா வகுப்பாருக்கும் பங்கு என்பது சர்க்கார் ஸ்தாபனத்தைத்தான் கட்டுப்படுத்தும். தனி முதலாளியைக் கட்டுப்படுத்தாது. மத்திய சர்க்கார் வேலைகளில் பிற்பட்டோருக்கு நூற்றுக்கு 27 என்பது 1990இல் உத்தரவாகி, 1992இல் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொண்டு, 1993இல்தான் அமுலுக்கு வந்தது. சர்க்கார் கம்பெனிப் பங்குகளை விற்க ஆரம்பித்தது எப்போது? 1991இல்! ஆயிரம் வருஷம் பந்திக்கு வெளியே நின்றவனுக்கு இலை போட்டார்கள். அவன் உட்காருவதற்குள் அடுப்பை விற்கத் தொடங்கிவிட்டார்கள். 2020 ஜனவரி 31ஆம் தேதி ஒரே நாளில் பி.எஸ்.என்.எல்.லிருந்து 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வென்று வெளியேறினார்கள். அந்த இடங்களுக்கு நம் பள்ளன், பறையன், வன்னியன், கள்ளன், அம்பலக்காரன் வீட்டுப் பிள்ளைகள் வரவேண்டியவர்கள். டவரை விற்றால் இரும்பு மட்டுமா போகிறது? டவரோடு அந்த நாற்காலிகளும் போகின்றன.

நம் பக்கத்துக் குற்றம்

இதனால் சர்க்கார் இலாகாக்களெல்லாம் சொர்க்கம் என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணவேண்டாம். டெலிபோனுக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தை நாம் மறக்கவில்லை. கவுண்டருக்கு உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவரை மனிதராக மதியாத அவமானத்தை நாமும் பட்டிருக்கிறோம். கம்பி அறுந்தால் வாரக்கணக்கில் வராத லைன்மேனையும் பார்த்திருக்கிறோம். இதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. அந்தச் சோம்பலும் அகம்பாவமுமே விற்பவனுக்கு நாம் கொடுத்த ஆயுதம்.

ஆனால் வேலைக்காரன் சரியில்லை என்றால் வேலைக்காரனைத் திருத்துவார்களா, வீட்டை விற்பார்களா? தவிரவும், மாட்டுக்குத் தீனி போடாமல் கட்டிவைத்துவிட்டு "பால் கறக்கவில்லை, சந்தைக்கு ஓட்டு" என்பது என்ன நியாயம்? தனிக் கம்பெனிகள் 4ஜி என்ற வேகத்தைக் கொடுத்துப் பல வருஷமான பின்பு, 2025 செப்டம்பரில்தான் பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி தேச முழுவதற்குமாக ஆரம்பித்து வைக்கப்பட்டது. காலைக் கட்டிப்போட்டு ஓடவிட்டவன், தோற்றவனைப் பார்த்து நொண்டி என்கிறான்!

பணத்துக்கு வழி என்ன?

"சரி, ஆஸ்பத்திரிக்குப் பணம் எங்கிருந்து வரும்?" என்று நம் நண்பர் கடைசியாகக் கேட்டார். அதற்கும் கணக்கு இருக்கிறது. 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை நூற்றுக்கு 30இலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். அதனால் வருஷத்துக்கு 1 இலட்சத்து 45 ஆயிரம் கோடி நஷ்டமென்று சர்க்காரே சொல்லிற்று. 2021இல் போட்ட ஜாப்தா நாலு வருஷத்துக்கு 6 இலட்சம் கோடி. வருஷத்துக்கு ஒன்றரை இலட்சம் கோடி. இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! பணக்காரனுக்கு விட்டுக்கொடுத்தது எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுக்கே பொதுச் சொத்தை அவனிடம் கொண்டுபோய் நீட்டவேண்டி வந்திருக்கிறது. வரியாகக் கொடுக்கவேண்டிய பணத்தை வைத்தே அவன் நம் மதகைக் குத்தகை எடுக்கிறான். பெருஞ்சொத்துக்காரர் கட்டிவந்த சொத்து வரியையும் 2015 பட்ஜெட்டில் ஒழித்தார்கள். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் பணம் இல்லாமலில்லை. கேட்கவேண்டிய இடத்தில் கேட்கும் தைரியந்தான் இல்லை.

தோழர்களே! இது ஏதோ டில்லிக் காரியம், நம்மால் என்ன ஆகும் என்று இருந்துவிடாதீர்கள். 2010இல் மன்னார்குடி வட்டாரத்தைப் பூமிக்கடியில் மீத்தேன் எடுக்க ஒரு கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். கிராமம் கிராமமாய்க் கூட்டம் போட்டு, படிக்காதவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் கேள்வி கேட்டார்கள். திட்டம் நின்றது. 2020இல் டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. எந்தச் சாமியும் இறங்கி வந்து செய்ததல்ல அது, மனிதர் செய்தது.

ஆகவே உங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வந்திருக்கும் இழை யாருடையது, யாரிடம் போகப்போகிறது என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். எந்தச் சொத்தைக் கொடுத்தாலும், எத்தனை வருஷத்துக்கு, என்ன விலைக்கு, வந்த பணத்தில் எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரி என்று எழுத்தில் சொல்லும்படி ஓட்டுக் கேட்டு வருகிறவரை நிறுத்திக் கேளுங்கள். பதில் மந்திரமாக வந்தால், மாட்டைக் கொட்டிலை விட்டு அவிழ்க்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்லி இதை முடிக்கிறோம்.